யாருடைய முறையும் இல்லாத பல்ப்

எங்கள் கிணற்றடி பல்ப் ஒருநாள் மாலை எரியவில்லை. மற்ற வீடுகளில் பல்ப் எரியாவிட்டால் கடைக்குப் போவார்கள். நான் அதைக் கழற்றிக்கொண்டு வந்து, வெங்காயம் வெட்டுகிற கத்தியால் அதன் மண்டையைப் பிளந்தேன். காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் காரணத்தைக் கேட்டு என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கோப்பாயில் என் வீடும் அண்ணையின் வீடும் பக்கத்துப் பக்கம். அப்பா காணியை இரண்டாகப் பிரித்து எழுதினார். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. எல்லையிலேயே இருக்கிற அது பங்குக் கிணறு, ஆளுக்குப் பாதி. அதற்கு மேலே ஒரு தூண், தூணில் பல்ப். மின்சாரம் அண்ணை வீட்டிலிருந்து வருகிறது, சுவிச்சும் அவருடைய குசினியில், அடுப்படிச் சுவரில்தான் இருக்கிறது. மாலை ஆறரைக்குப் போடுவார், விடிய நிறுத்துவார். அண்ணை எதையும் மறக்கிற ஆள் இல்லை. பல்ப் பழுதானால் முறை வைத்து மாற்றுவோம். போன முறை நான் வாங்கிப் போட்டேன். ஆகவே இந்த முறை அவருடையது. போய் “அண்ணை, உங்கடை முறை” என்று சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் நாங்கள் இருவரும் ஏழு மாதமாகக் கதைப்பதில்லை.

சண்டை ஒரு சாண் நிலத்துக்கு. தை மாதம் பழைய தென்னோலைக் கிடுகு வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டுவோம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். அண்ணை அளந்து கொடுத்தார், மேசன் கட்டை அடித்து நைலோன் நூல் கட்டினார். நூல் என் பக்கம் ஒரு சாண் வந்துவிட்டது போல எனக்குப் பட்டது. எனக்கு மூக்கு நுனியில் கோபம். இது ஊருக்கே தெரியும். மேசனும் அவருடைய ஆட்களும் நிற்க, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

“ஊர்க் காணியெல்லாம் நீங்கள் இப்பிடித்தானோ அளந்தனீங்கள்?”

அண்ணை முப்பது வருடம் காணி அளக்கிற கந்தோரில் வேலை செய்தவர். பருத்தித்துறையிலிருந்து தெல்லிப்பழை வரை அளவுச் சங்கிலி இழுத்துத் திரிந்த மனுசன். தான் நட்ட எல்லைக்கல்லை ஒருவரும் பிடுங்கியதில்லை என்பதைத் தவிர அவர் வேறு எதையும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று அவர் கையில் இருந்த அளவு நாடாவை ஒருதரம் பார்த்தார். நாடாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மேசனும் தலையைச் சொறிந்துவிட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியும் இல்லை, மதிலும் இல்லை. முழங்கால் உயரத்தில் ஒரு நூல் மட்டும். கோழிகள் அதற்குக் கீழால் போய்வந்தன. நாய் மேலால் பாய்ந்தது. என் மனைவியும் அண்ணியும் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அதைத் தாண்டிப் போய்க் கதைத்தார்கள். மனைவி அதில் முகம் துடைக்கிற கைலேஞ்சியும் காயப்போட்டாள். தாண்டாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன பயன். பங்குனியில் அண்ணை கோயிலுக்குப் போயிருந்த ஒருநாள், மனைவியை அனுப்பி அண்ணியிடம் அதே நாடாவை வாங்குவித்து, நானே அளந்து பார்த்தேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். நூல் நிற்கவேண்டிய இடத்தில்தான் நின்றது. நாடாவைச் சுருட்டித் திருப்பி அனுப்பிவிட்டேன். பிழை என்னுடையது என்று அன்றைக்கே தெரியும். அதைச் சொல்ல நூல் வரைக்கும் போவேன், நா எழாது, திரும்பி வந்துவிடுவேன்.

இப்படியே வருடக்கணக்காக இருந்திருப்பேன். ஆனால் அண்ணையின் மகளுக்கு ஆவணியில் கலியாணம். எங்களுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். இரண்டு வீட்டுக்கும் பெட்டைப்பிள்ளை என்று ஓடித்திரிந்தவள் அவள் ஒருத்திதான். முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனது நான். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு நேரில் வந்து சொல்லவேண்டும். புருசனும் பெண்சாதியுமாக வெற்றிலைத் தட்டத்தோடு வந்து, அழைப்பிதழ்க் காட்டைத் தந்து, வாயால் கூப்பிடவேண்டும். சொல்லாத வீட்டுக்கு ஒருவரும் போவதில்லை, கூடப்பிறந்தவராக இருந்தாலும்தான். எங்கள் ஒழுங்கையில், தெரு முனை வரை, வீடு வீடாகச் சொல்லியாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. “சொல்லாத கலியாணத்துக்கு நான் போறதில்லை” என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அவளுடைய கலியாணத்தன்று வீட்டில் குந்தியிருக்கப் போகிறேன் என்பதை என்னால் தாங்கமுடியவில்லை.

இந்த நேரத்தில்தான் பல்ப் போனது.

அண்ணை மாற்றுவார் என்று ஒரு கிழமை பார்த்தேன். மாற்றவில்லை. நான் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் தோற்றதாக ஆகிவிடும். போய்க் கேட்டாலும் அதே கதைதான். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பழையதைத் திருத்திப் போட்டால் அது புதுப் பல்ப் இல்லை. புதுப் பல்ப் இல்லாவிட்டால் அது யாருடைய முறையும் இல்லை! இதைக் கேட்டுத்தான் மனைவி சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகு, “பல்பிலை பிழை இராது. ஒருக்கால் அங்காலை போய்க் கேளுங்கோவன்” என்றாள்.

“உமக்கு என்ன தெரியும்?” என்றேன்.

“எனக்கு ஒண்டும் தெரியாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தப் பதிலை நான் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, போனில் மற்றவர்கள் எதையாவது திருத்துகிற வீடியோக்களைப் பார்ப்பதுதான் என் தொழில். அதனால் பல்புக்குள் என்ன இருக்கும் என்று எனக்கு அத்துப்படி. வெள்ளை மூடியைக் கழற்றினால் ஒரு வட்டத் தகடு. தகட்டைச் சுற்றிப் பயறங்காய் விதை அளவில் மஞ்சள் சதுரங்கள். எங்கள் பல்பில் பதினான்கு. ஒவ்வொன்றும் ஒரு குட்டி விளக்கு. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கைகோத்து நிற்பதால், ஒன்று செத்தால் மற்ற எல்லாமும் அணைந்துவிடும். செத்ததைக் கண்டுபிடித்து அதற்கு மேலே ஒரு சொட்டு ஈயம் வைத்துத் தொடுத்துவிட்டால் மிச்சம் எரியும். வீடியோவில் ஒருவர் மின்சாரம் பார்க்கிற மீற்றரின் இரண்டு முனைகளால் ஒவ்வொரு சதுரமாகத் தொட, அது மினுக்கு மினுக்கென்று எரிகிறது. சின்னப்பிள்ளை வேலை.

என் மீற்றரை எடுத்துத் தொட்டேன். முதலாவது எரியவில்லை. இரண்டாவதும் எரியவில்லை. முனையை மாற்றிப் பிடித்தேன். பதினான்கும் எரியவில்லை. ஒரு குடும்பத்தில் பதினான்கு பேரும் ஒரே நாளில் சாவார்களா? நல்ல பல்ப் ஒன்றைக் கழற்றித் தொட்டுப் பார்க்கிற புத்தி வந்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும். எனக்கு வந்தது கோபம். பிறகு இன்னொரு வீடியோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சில பல்புகளில் ஒரு சதுரத்துக்குள்ளேயே மூன்று விளக்கு அடுக்கி வைத்திருப்பார்களாம். அதை எழுப்ப மீற்றருக்குத் தெம்பு காணாதாம், ஒன்பது வோல்ற்றாவது வேண்டுமாம்.

ஒன்பது வேண்டும் என்றால் பன்னிரண்டு இன்னும் நல்லதுதானே. அடுத்தநாள் விடிய, மனைவி தெல்லிப்பழைக்கு வேலைக்குப் போக வெளிக்கிடுகிற நேரம், அவளுடைய ஸ்கூட்டரின் சீற்றைத் திறந்து பற்றறியிலிருந்து இரண்டு வயர் இழுத்தேன். முதலாவது சதுரத்தில் தொட்டேன். அப்பா, என்ன வெளிச்சம்! கண் கூசியது. அதோடு ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம், கருகின மணம், சதுரத்தின் நடுவில் கடுகு போல ஒரு கறுப்புப் புள்ளி. அது செத்துக் கிடந்ததில்லை. நான்தான் கொன்றேன்.

“என்ரை ஸ்கூட்டரிலை என்ன செய்யிறியள்?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் வயரை ஒளித்தேன். மணத்தை ஒளிக்க முடியவில்லை. அவள் சீற்றை அடித்து மூடிவிட்டு, பற்றறியையும் கொண்டு தெல்லிப்பழைக்குப் போய்விட்டாள்.

இனி மின்சாரத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் கொட்டிலில் தொங்கிய அப்பாவின் பழைய சைக்கிள் நினைவுக்கு வந்தது. அதில் டைனமோ இருந்தது. யுத்தத்தால் கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் எங்கள் வீட்டு ரேடியோ அந்த டைனமோவில்தான் கதைத்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். சுற்றுவோம் என்ன, நான்தான் சுற்றுவேன். அண்ணை கதிரையில் இருந்து செய்தி கேட்பார். செய்தி முடியுமுன் என் கை ஓய்ந்தால் ரேடியோவின் குரலும் ஓய்ந்துவிடும், உடனே அண்ணை கத்துவார். அதை நினைக்க இப்போதும் எனக்குக் கை உளைகிறது.

டைனமோவில் ஒரு நல்ல குணம். மெல்லச் சுற்றினால் மெல்லத் தரும், கெதியாகச் சுற்றினால் அள்ளித் தரும். ஸ்கூட்டர் பற்றறி போல எடுத்த எடுப்பில் ஆளைக் கொல்லாது. சைக்கிளை இறக்கித் தூசு தட்டி, என் பக்கத்துக் கிணற்றடி நிழலில் கவிழ்த்து வைத்தேன். டைனமோவிலிருந்து இரண்டு வயர். பக்கத்தில் ஸ்டூலில் பல்பின் தகடு. இனித் தொடவேண்டியதுதான்.

தொடப் போனபோதுதான் கணக்கு உதைத்தது. இரண்டு வயருக்கு இரண்டு கை வேண்டும். பெடலுக்கு மூன்றாவது கை. முருகனுக்குப் பன்னிரண்டு கையை அள்ளிக் கொடுத்தவர்கள் எனக்கு ஒன்றாவது கூடத் தந்திருக்கலாம். பெடலைக் காலால் உதைத்தேன். சைக்கிள் சில்லு சுற்றியது, நான் சரிந்தேன், தகடு மண்ணில் விழுந்தது. ஒரு வயரைப் பல்லால் கடித்துக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். நாக்கில் ஒரு சுள்ளென்ற அடி. அதை விபரமாகச் சொல்ல விருப்பமில்லை.

இவ்வளவும் நடக்கும்போது அண்ணை நூலுக்கு அந்தப் பக்கம், தன் முற்றத்துக் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலமாக ஒரே பக்கம்.

நான் நாக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் எழும்பியிருந்தார். பேப்பரை மடித்துக் கதிரையில் வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். நூலடிக்கு வந்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு காலைத் தூக்கித் தாண்டினார். அவர் என்னைப் பார்க்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற கல்லில் குந்தி, பெடலைப் பிடித்துக்கொண்டு, டைனமோவைச் சில்லோடு சாய்த்து வைத்தார்.

கோபக்காரர்கள் நேரே கதைக்கக்கூடாது. அதனால் நான் சைக்கிளைப் பார்த்துச் சொன்னேன்.

“கெதியாச் சுத்தினால் எரிஞ்சுபோம். மெல்லச் சுத்தவேணும்.”

அண்ணை டைனமோவுக்குப் பதில் சொன்னார். “எவ்வளவு மெல்ல எண்டு சொன்னால்தானே தெரியும்.”

“இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.”

சில்லு உர்ரென்று சுற்றியது. நான் இரண்டாவது சதுரத்தில் வயரை வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மஞ்சள் நடுவில் ஒரு மங்கல் புள்ளி, அது பெருத்து, வெள்ளையாக நடுங்கிக்கொண்டு எரிந்தது.

“காணும், காணும், இதுக்கு மேலை வேண்டாம்!” என்று கத்தினேன்.

“எரியுது” என்றார் அண்ணை டைனமோவிடம். சின்னப்பிள்ளைச் சந்தோசம் குரலில் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான்.

மூன்றாவது எரிந்தது. நாலாவது எரிந்தது. அளந்து வேலைசெய்த கை அல்லவா, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் ஒரே சீராகச் சுற்றினார். எட்டாவதில், “முதலாவதைத் தொடேல்லை” என்று டைனமோவுக்கு நினைவூட்டினார்.

“அது வேண்டாம்” என்றேன் சைக்கிளிடம்.

“ஏனாம்?”

“அது எரிஞ்சுபோச்சு.”

“விடிய ஸ்கூட்டரடியிலை ஒரு மணம் வந்தது” என்று டைனமோவிடம் சொன்னார். டைனமோ சிரிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கீழே குனிந்துகொண்டோம்.

ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொன்றும் எரிய எரிய எனக்குச் சந்தோசம் குறைந்துகொண்டு வந்தது. செத்ததைத் தேடித்தானே இந்தப் பாடு. பதின்மூன்றும் எரிந்தது. கடைசி ஒன்றில்தான் பிழை இருக்கவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டேன். பதினான்காவது எல்லாவற்றையும்விட நன்றாக எரிந்தது. நான் கொன்ற ஒன்றைத் தவிர அந்தப் பல்பில் ஒரு குறையும் இல்லை. வெட்டுமுன் வீட்டுக்குள் ஒருதரம் பூட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

சைக்கிளோடுதான் கதைக்கவேண்டும் என்பதெல்லாம் மறந்துபோனது. நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

“அண்ணை, அப்ப பிழை எங்கை?”

நான் வயரை எடுத்துவிட்டேன். அவர் இன்னும் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பல்பிலை பிழை இல்லை. நான் சுவிச் போடேல்லை.”

“மறந்திட்டியளோ?”

“நான் எப்ப மறந்தனான்?” சில்லு மெல்ல நின்றது. “என்ரை முறை எண்டு கத்திக்கொண்டு நீ ரெண்டு நாளிலை வருவாய் எண்டு நினைச்சன். வந்தால் கலியாணக் காட்டைத் தரலாம் எண்டு இருந்தன். நீ எங்கை வந்தாய்? இருந்து பல்பை வெட்டிக்கொண்டிருக்கிறாய்.”

“நீங்கள் வந்து சொல்லியிருக்கலாம்தானே?”

“வந்தனான். நாலு தரம் வந்தனான். நூல் மட்டுக்கும் கால் வருகுது. அங்காலை வருகுதில்லை.”

ஏழு மாதமாக வராத சொல் அப்போது வந்தது, அதுவும் தடக்கித் தடக்கி. “அண்ணை, நான் அளந்து பாத்தனான். நீங்கள் அளந்ததுதான் சரி. அண்டைக்கு ஆக்களுக்கு முன்னாலை நான் அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது.”

அவர் டைனமோவைச் சில்லிலிருந்து விலக்கி விட்டார். “நீ அளந்தது எனக்குத் தெரியும்.”

“அண்ணி சொன்னவவோ?”

“அவ ஒண்டும் சொல்லேல்லை. நாடாவைத் தலைகீழாச் சுத்தி வைச்சிருந்தாய். என்ரை நாடாவை நான் ஒருநாளும் அப்பிடிச் சுத்தமாட்டன்.”

“பங்குனியிலையிருந்து தெரியுமோ?”

“ஓம்.”

“பிறகு ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

“நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்பின் தகட்டைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கறுப்புப் புள்ளியை ஆராய்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

பிறகு இருவரும் குந்தியிருந்து வேலையை முடித்தோம். நான் கொன்ற முதலாவதுக்கு மேலே அண்ணை ஒரு சொட்டு ஈயம் வைத்தார். மூடியைப் பசை போட்டு ஒட்டித் தூணில் பூட்டினோம். அவர் போய்ச் சுவிச்சைப் போட்டார். பட்டப்பகல் வெயிலில் பல்ப் எரிந்தது. முன்னையைவிடக் கொஞ்சம் மங்கலோ என்று அவர் கேட்டார். இல்லை என்றேன்.

அன்று பின்னேரம் மனைவி வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் படலை திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணையும் அண்ணியும். நூலைத் தாண்டினால் இருபது அடி. அவர்கள் ஒழுங்கையால் சுற்றி முன்பக்கமாக வந்தார்கள். காலையில் சாரத்தோடு பெடல் சுற்றிய மனுசன், வேட்டி கட்டி, விபூதி பூசி, தட்டத்தில் கலியாணக் காட்டும் வெற்றிலையுமாகப் புது ஆள் போல நின்றார்.

“பிள்ளைக்குக் கலியாணம். நீங்கள் ரெண்டு பேரும் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்” என்றார்.

“ஓம் அண்ணை” என்றேன். தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினேன். அண்ணியும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சுவிச் விசயம் முதல்நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் தெரியுமாம்.

கலியாணத்தில் நான் முன்னுக்குத்தான் நின்றேன். பந்தலுக்கு லைற் கட்ட வந்த ஆட்களுக்குக் கூடக் குறையப் புத்தி சொல்லி, அண்ணையிடம் இரண்டு தரம் ஏச்சும் வாங்கினேன். மதில் இன்னும் கட்டவில்லை. நூல் அப்படியே நிற்கிறது. கைலேஞ்சியோடு இப்போது துவாய்களும் தொங்குகின்றன. பதின்மூன்று விளக்கோடு அந்தப் பல்பும் எரிகிறது.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அண்ணை எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று சொன்னேன் அல்லவா. இப்போது கிழமையில் இரண்டு மூன்று நாளாவது ஆறரைக்குச் சுவிச் போட மறந்துவிடுகிறார். நான் நூலடிக்குப் போய் “அண்ணை, லைற்!” என்று கத்துவேன். “ஓம், ஓம், போடுறன்” என்று உடனே பதில் வரும். அவர் சுவிச்சடியில்தான் நிற்கிறார் என்பது அந்தக் குரலிலேயே தெரியும்.